மறுமை என்னும் சொல்

இகரச் சுட்டினின்று பிறந்தது இம்மை. பிறிதொன்று எனப் பொருள்படும் 'மறு' என்பதனின்று பிறந்தது மறுமை. இம்மைக்குப் பின் வருவது மறுபிறப்போ மேலுலக வாழ்வோ என்று இச்சொல் அறுதியிட்டுரைப்பதில்லை. ஆதலின் பல சமயத்தாரும் இதனைத் தமதாக்கிக்கொண்டனர். மறுபிறப்புக் கொள்கையில்லாத இசுலாமியத் தமிழரும் இறுதித் தீர்ப்புக்குப் பின் வரும் வாழ்வை மறுமை என்றே வழங்குகின்றனர்.

ஆயின், இச்சொல்லின் நிழலில் ஓர் இடரும் உண்டு. இங்கே கொடுத்ததை அங்கே வட்டியுடன் பெறலாம் என்னும் கணக்கு, அறத்துள் புகுந்துவிடும். புறநானூற்று 134ஆம் பாட்டில் முடமோசியார் அக்கணக்கைக் கடிந்து, ஆய் வள்ளல் அத்தகைய வாணிகம் செய்பவன் அல்லன் எனப் போற்றினார். மேலுலகம் இல்லையென்றாலும் கொடுப்பதைக் கைவிடலாகாது என்பதே 222ஆம் குறளின் கருத்து.

குண்டூர் நாடு அடங்கிய எங்கள் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியும் ஆயைப் போன்றே கடையெழு வள்ளல்களுள் ஒருவன். ஆடிப் பதினெட்டை ஒட்டி ஆண்டுதோறும் அவனுக்கு விழா எடுக்கின்றோம். பாணர் தன்னைப் புகழக் கேட்டு நாணிய அவன், பின்னரும் பொன்னும் மணியும் அவர்க்கு வழங்கினான் என்று 152ஆம் புறப்பாட்டில் வன்பரணர் பாடுகின்றார்.

பிள்ளைகளுக்கு மறுமையின் பொருளைக் கற்பிக்கும் ஆசிரியர், இவ்வரலாற்றையும் உடன் கற்பித்தல் வேண்டும். இம்மைப் புகழுக்கே நாணியவன் மறுமைக்கூலி கேட்பானோ?