மலைச்சரிவு எவ்வளவு மாறியிருக்கு?



மாசி, பங்குனி வந்தால் மலைப்பக்கம் தீ பயம் வந்துவிடுகிறது. "அந்தக் காலத்திலும் தீ வந்ததுதானே, இப்போ மட்டும் என்ன?" என்று கேட்பீங்க. எரிகிற பொருள் மாறியிருக்கு, அதுதான் விஷயம். எவ்வளவு மாறியிருக்கு என்று அளக்க அமெரிக்க வனத்துறையினர் ஒரு கணக்குப் போடுகிறார்கள். அதை நாமும் போடலாம்.

பச்சைமலைச் சரிவு ஒன்றைக் காட்டி, ஊர்ப் பெரியவர்களையும் ஆடு மேய்த்தவர்களையும் கேளுங்க. பத்துப் பங்கில் அன்றைக்குப் புல்வெளி எத்தனை, புல்லோடு கூடிய மரக்காடு எத்தனை, அடர்ந்த புதர் எத்தனை? 4, 4, 2 என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கு நேரில் பார்த்தால் 1, 3, 6. ஒவ்வொரு வகையிலும் சின்ன எண்ணை எடுங்க: 1, 3, 2. கூட்டினால் 6. பத்தில் மீதி 4. அதாவது அந்தச் சரிவு நூற்றுக்கு 40 பங்கு பழைய நிலையை விட்டு விலகியிருக்கு. 33 வரை கவலையில்லை. 66 வரை நடுத்தரம். அதற்கு மேலே போனால் வெகுதூரம் விலகிவிட்டது. தீ எத்தனை வருஷத்துக்கு ஒரு தரம் வந்தது என்பதையும் இதேபோல ஒப்பிட வேண்டும்.

அரியலூர்ப் பக்கம் மலை இல்லையே என்காதீங்க. சீமைக்கருவேல் பிடித்த மேய்ச்சல் புறம்போக்குக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும்.

விலகினால் என்ன? புல்லில் பிடித்த தீ தரையோடு ஓடி அணைந்துவிடும். காய்ந்த புதரில் பிடித்தால் கிளையேறி மரத்தையே கொன்றுவிடும். மேய்ச்சலும் போச்சு.

கர்நாடகத்துப் பிளிகிரி ரங்கன் மலையில் சோளகர்கள் கோடைத் தொடக்கத்தில் சருகுக்குச் சிறு தீ வைப்பாங்க. 1974-ல் அது சரணாலயமான பிறகு அந்த வழக்கம் நின்றது. ஆய்வாளர்கள் பார்த்த இடங்களில், 1997-ல் நூற்றுக்கு 41 இடத்தில் இருந்த உண்ணிச்செடி 2008-ல் 81 இடத்தில் இருந்தது. சிறு தீ நின்றதும் இதற்குக் காரணம் என்கிறார்கள் சோளகர்கள்.

அதுக்காக நீங்க தீ வைத்துவிடாதீங்க. காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றம். புதர் மண்டிய இடத்தில் சிறு தீயும் பெருந்தீயாகும். வனத்துறை அனுமதியோடு, காய் பழுக்கும் முன்னே, உண்ணிச்செடியை வேர்க்கட்டையோடு எடுங்க. மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். மலையடி வயலில் மக்காச்சோளத் தட்டையையும் பருத்தி மாரையும் கொளுத்தாதீங்க. தட்டை மாட்டுக்கு ஆகும், மார் அடுப்புக்கு ஆகும். வேலியோரம் சருகைக் கூட்டி, வெறுந்தரையாகத் தடம் விடுங்க.

இந்தக் கோடைக்கு முன்னே உங்க சரிவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க. பழைய எண் பெரியவங்க நினைவில்தான் இருக்கு. அவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்க.