இடம் மாறும் மடிக்கணினி

எட்டியாந்தோட்டைப் பக்கத்து றப்பர் தோட்டத்திலிருந்தோ, பலாங்கொடைத் தேயிலைத் தோட்டத்திலிருந்தோ பல்கலைக்கழகம் புகும் மாணவி ஒருத்தியின் மடிக்கணினி, ஒரே மாதத்தில் பல இடங்களில் இணையத்தை நாட வேண்டியதாகிறது. படிக்கும் நாள்களில் பெலிஹுல்ஓயாவிலுள்ள சபரகமுவப் பல்கலைக்கழகம் போன்றதொரு வளாகம். விடுமுறையில் லயத்து வீடு. லயத்தில் இணையம் என்பது பெரும்பாலும் கைத்தொலைபேசி வழியாக வருவதேயாகும். 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அலை கிடைக்கும் மேடு தேடி மலையகப் பிள்ளைகள் ஏறியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இடம் மாறும்போது கணினியில் மாறவேண்டியவை யாவை? ஒவ்வொரு வலையமைப்பிலும் கணினிக்கு ஒரு முகவரி தேவை. வெளியுலகுக்குச் செல்லும் வாயில் எதுவென்பதும் தெரிதல் வேண்டும். முன்னர் இவற்றைக் கையாலேயே எழுதிக் கொடுத்தனர். 1993இல் வகுக்கப்பட்ட டிஎச்சிபி என்னும் முறை வந்தபின், வலையமைப்பே முகவரியைச் சில மணி நேரத்துக்கோ சில நாளுக்கோ வாடகைக்குக் கொடுப்பதுபோல் கொடுத்துவிடுகிறது. ஆயினும் எல்லாம் தாமாகவே நடந்துவிடுவதில்லை.

சில நிறுவனங்களில் ப்ராக்ஸி எனப்படும் இடைக்கணினி வழியாகவே இணையத்துக்குச் செல்லுதல் வேண்டும். அங்கே அதனைப் பதிந்துகொண்டு வீடு திரும்பினால், மடிக்கணினி அந்த இடைக்கணினியையே தேடிக்கொண்டிருக்கும். ஒரு பக்கமும் திறவாது. பழியோ தொலைபேசிக் கம்பெனியின் மேல் விழும்! ஆப்பிள் மேக் கணினியில் ‘லொகேஷன்’ என்ற பெயரில், வளாகத்துக்கு ஒன்றும் வீட்டுக்கு ஒன்றுமாக அமைப்புகளைச் சேமித்து, வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். லினக்ஸில் 2004இல் தோன்றிய நெட்வொர்க்மேனேஜர், முகவரி முதலியவற்றை இணைப்புக்கு இணைப்பு தனித்தனியே நினைவில் வைக்கிறது. விண்டோஸிலோ ப்ராக்ஸி எல்லா வைஃபைக்கும் பொதுவானது. கையாலேயே அணைத்தல் வேண்டும். இத்தனை வளர்ந்த மென்பொருளில் இஃதொரு குறையென்றே சொல்லலாம்.

இதனினும் பெரிது செலவு. கைத்தொலைபேசியின் ஹாட்ஸ்பாட்டும் வளாகத்து வைஃபையும் கணினிக்குப் பெரும்பாலும் ஒன்றுபோலவே தோன்றும். லயத்து வாசலில் அமர்ந்து ஒரு கட்டுரையை அனுப்ப முற்படும் வேளையில், விண்டோஸ் தன் புதுப்பிப்பைப் பின்னணியில் இறக்கத் தொடங்கினால், பால் வெட்டியோ கொழுந்து பறித்தோ ஈட்டிய கூலியில் ரீலோட் செய்த டேட்டா அவள் அறியாமலே தீர்ந்துவிடும்; கட்டுரையோ போய்ச் சேராது.

இதற்கு மருந்து 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதற்கொண்டே உண்டு. அந்த ஹாட்ஸ்பாட்டின் பண்புகளுக்குள் சென்று ‘மீட்டர்டு கனெக்ஷன்’, அதாவது அளந்து செலவிடும் இணைப்பு, என்று குறித்துவிட்டால், பெரும்பாலான புதுப்பிப்புகள் காத்திருக்கும். வளாகத்து வைஃபையில் சேர்ந்தபின் அவை இறங்கும். குறித்ததை அந்த இணைப்பின் பெயரோடு கணினி நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆகையால் தந்தையின் தொலைபேசிக்குப் பதிலாக அண்ணனுடையதில் இணையும் நாளில், அதையும் ஒருமுறை குறித்தல் வேண்டும்.