ரயிலேறிச் சென்ற பாட்டு

பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் பெயர்வோர், மூட்டை முடிச்சுகளுடன் தம் பாட்டையும் எடுத்துச் செல்கின்றனர். வெளி மாநிலங்களில் வாழும் நாம் இதனை நன்கறிவோம். சென்ற இடத்தில் அப்பாட்டு என்னவாகிறது?

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திப் பண்ணையொன்றில் உழைத்தவர் மடி வாட்டர்ஸ். கறுப்பின மக்களின் துயரத்தில் விளைந்த 'புளூஸ்' இசையில் வல்லவர். 1941-இல், நாட்டுப் பாடல்களைத் திரட்டி வந்த ஆலன் லோமாக்ஸ் அவரது பாட்டை ஒலிப்பதிவு செய்தார். தம் குரலைத் தாமே கேட்டவருக்குத் தம் கலையில் நம்பிக்கை பிறந்தது. 1943-இல் சிகாகோவுக்கு ரயிலேறினார்.

பகலில் ஆலை வேலை. இரவில் மதுவிடுதிகளில் பாட்டு. குடிசை முற்றத்தில் தெளிவாய் ஒலித்த கிதார், நகரத்து இரைச்சலில் அமிழ்ந்து போயிற்று. ஆகவே மின்சாரக் கிதாரைக் கையில் ஏந்தினார். கருவி மாறினும் பாட்டில் மிசிசிப்பி மண்ணே மணத்தது. 1948-இல் வெளிவந்த அவரது இசைத்தட்டு விரைவில் விற்றுத் தீர்ந்தது.

1955-இல் தம்மிடம் யோசனை கேட்ட சக் பெரி என்னும் இளைஞரை, லெனார்டு செஸ் என்ற இசைத்தட்டு வெளியீட்டாளரிடம் செல்லுமாறு கூறினார். அவ்வாண்டே வெளியான 'மேபலின்', ராக் அண்ட் ரோல் இசையின் முன்னோடிப் பாட்டுகளுள் ஒன்றாயிற்று. 1962-இல் லண்டன் இளைஞர் சிலர் தம் குழுவுக்கு 'ரோலிங் ஸ்டோன்ஸ்' எனப் பெயரிட்டனர். அவருடைய 1950-ஆம் ஆண்டுப் பாட்டொன்றிலிருந்து எடுத்த பெயர் அது.

நம் பிள்ளைகள் நம் பாட்டைப் புதிய வாத்தியத்தில் வாசிக்கும்போது நாம் மனம் வருந்த வேண்டுவதில்லை. வந்த ஊரின் இரைச்சலிலும் அது காதில் விழ வேண்டுமல்லவா?