கழிவுநீரும் கண்ணியமும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் இவர் கழிவுநீரைப் பற்றிப் பேசுகிறாரே எனச் சிலர் எண்ணக்கூடும். அதற்குக் காரணம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்தது. அதனைச் சுத்தம் செய்ய ஆள் அழைத்து வந்தனர். கயிறும் வாளியுமாக வந்து நின்றவன், என் வகுப்பில் பயின்று இடையில் நின்றுபோன மாணவன். "வணக்கம் ஐயா" என்றான். அவனை இறங்கவிடாமல் திருப்பி அனுப்பினேன். ஆனால் அடுத்து என்ன செய்வது என்பது பட்டம் பெற்ற எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கமே இப்பொருளைக் கற்க என்னைத் தூண்டிற்று.

அத்தொட்டி பாதி வேலையையே செய்கிறது. கனமானவை அடியில் கசடாகப் படியும். இடையிலுள்ள நீர் நோய்க்கிருமிகளோடுதான் வெளியேறும். அதனை உறிஞ்சுகுழியில் விட வேண்டுமேயன்றித் தெருச் சாக்கடையில் விடலாகாது. உள்ளே சேரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு மிகுந்தால் மோப்ப உணர்வே மரத்துவிடும். நாற்றமில்லை என நம்பி இறங்கியவரும், அவரைக் காக்க இறங்கியவரும் மடிகின்றனர்.

சிற்றூருக்கு ஏற்றது இரட்டைக் குழிக் கழிப்பறை. ஒரு குழி நிரம்பியதும் அதனை மூடி, மற்றதற்குத் திருப்ப வேண்டும். மூடிய குழியிலுள்ளது 2 ஆண்டுகளில் நாற்றமற்ற எருவாகிவிடும். வீட்டுக்காரரே அதனை எடுத்துத் தோட்டத்திற்கு இடலாம். இரு குழிகளையும் ஒருசேரப் பயன்படுத்தினால் இம்முறை கெட்டுவிடும். குழிகள் குடிநீர்க் கிணற்றுக்கு அருகில் அமைதலும் கூடாது. சமையல் நீரையும் குளியல் நீரையும் இக்குழிகளில் கலவாமல், வாழைக்கோ தனி உறிஞ்சுகுழிக்கோ விடுதல் வேண்டும்.

செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை உறிஞ்சு லாரியைக் கொண்டே கசடை அகற்ற வேண்டும். அந்த லாரி ஏரியில் கொட்டிவிட்டுப் போனால் பயனில்லை. கருங்குழிப் பேரூராட்சியில் 2017 இல் அமைந்தது போன்ற கசடு சுத்திகரிப்பு நிலையம் ஒவ்வொரு வட்டாரத்திற்கும் தேவை.

மனிதக் கழிவை மனிதரைக் கொண்டு அகற்றுவதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பாதுகாப்புக் கருவியின்றித் தொட்டியில் ஆளை இறக்குவதும் குற்றமே. சாக்கடை மரணத்திற்கு 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு என 2023 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், போன உயிருக்குப் பணம் ஈடாகுமா?

"இத்தொழிலிலிருந்து விடுபடவே படித்தோம், மீண்டும் இதைப் பற்றிய பேச்சு எதற்கு?" என நீங்கள் கேட்கலாம். நம்மீது சுமத்தப்பட்ட தொழிலை உதறியது சரியே. ஆனால் அதன் அறிவியலைப் பிறர் கையில் விட்டுவிடுதல் சரியன்று. திட்டம் அறியாதவர் வகுத்த தொட்டியில் இறுதியில் இறங்குபவன் நம் வீட்டுப் பிள்ளையே.

ஆகவே இளைஞர்களே, உங்கள் ஊரில் எத்தனை வீடுகளின் கழிவு எங்கே செல்கிறது என்று கணக்கெடுங்கள். அக்கணக்கைக் கிராம சபையில் எழுந்து நின்று படியுங்கள். பொறியியல் பயில்வோர் இத்துறையைத் தேர்ந்தெடுங்கள். வாளியோடு நின்ற என் மாணவனுக்கு அன்று சொல்லத் தெரியாத பாடத்தை இன்று உங்களிடம் ஒப்படைத்து விடைபெறுகிறேன்.