ஆயிரமும் முந்திரியும்

எண்களைப் பற்றிய கருத்தரங்கு திருச்சிராப்பள்ளியில் கூடுவது மிகப் பொருத்தம். இதற்கான முதற்பாடம் காவிரிக்கு அக்கரையில், திருவரங்கத்திலேயே இருக்கிறது.

அரங்கநாதர் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள கல்தூண்கள் 953. மீதி 47ஐ வைகுண்ட ஏகாதசிக்கு நடும் மரக்கால்கள் நிரப்புவதாக ஊரார் சொல்வார்கள். இராப்பத்து நாட்களில் அங்கே அரையர்கள் சேவிக்கும் திருவாய்மொழியை நம்மாழ்வாரும் ஆயிரம் என்றே குறிக்கிறார், பாசுரங்களோ 1102.

இவ்விரண்டையும் பள்ளிக் கணக்கின்படி பார்ப்போம். ஆயிரத்துக்கு முழுமையாக்க நூறாம் இடத்து இலக்கத்தைப் பார்க்க வேண்டும். அது 5 அல்லது அதற்கு மேல் என்றால் எண் ஏறும், குறைவென்றால் இறங்கும். 953இல் அந்த இலக்கம் 9, ஏறி 1000 ஆகிறது. 1102இல் அது 1, இறங்கி 1000 ஆகிறது. இரண்டுக்கும் ஆயிரம் என்ற பெயர் சரியே. பத்துக்கு முழுமையாக்கினாலோ 950, 1100 என்று பிரிந்துவிடும். எந்த இடத்துக்கு முழுமையாக்கினோம் என்று சொல்லாத உத்தேச மதிப்பு அரைகுறைச் செய்திதான்.

இனி எழுதும் முறை. பழந்தமிழ் மரபில் 953 என்பது ௯௱௫௰௩. ஒன்பதை அடுத்து நூறின் குறி, ஐந்தை அடுத்துப் பத்தின் குறி, கடைசியில் மூன்று. வாய் சொல்லும் வரிசையிலேயே கை எழுதுகிறது. 1102ஐ ௲௱௨ என்று எழுதினால் போதும். சுழியத்துக்கு அங்கே வேலையில்லை. இடமதிப்பு முறையில் அதுவே ௧௧௦௨. இதில் சுழியம் விடுபட்டால் எண் 112 ஆகிவிடும். குவாலியரில் கி.பி. 876ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 270 என்ற எண் சுழியத்தோடு வெட்டப்பட்டிருக்கிறது. இன்று உலகமே எழுதுவது அந்த முறையைத்தான்.

பெரிய எண்ணை வாசிக்கக் காற்புள்ளி துணை செய்கிறது. 2011 கணக்கெடுப்பில் திருச்சி மாநகராட்சியின் மக்கள்தொகை 8,47,387. லட்சம், ஆயிரம் என்று நாம் நிறுத்தும் இடங்களிலேயே காற்புள்ளி விழுகிறது. இதை எட்டு லட்சம் என்று மேடையில் சொல்லலாம். குடிநீர்த் திட்டம் போடுகிறவர் அப்படிச் சொன்னால் 47,387 பேருக்குத் தண்ணீர் இல்லை.

நம் முன்னோர் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தார்கள். தூண்களை ஆயிரம் என்றவர்கள் நிலக்கணக்கில் ஒன்றை 320 கூறாக்கி முந்திரி என்றார்கள்; முந்திரியையும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரி என்றார்கள். பெருமை பேசும் இடத்தில் முழு எண் போதும். பிறர் உரிமை அடங்கிய கணக்கில் முந்திரியும் விடுபடக் கூடாது. இந்தக் கருத்தரங்குக்கு நான் முன்வைக்கும் கருத்து இதுவே.

இரண்டு வேண்டுகோள்கள். திருவரங்கக் கோயிலின் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் வரும் எண் குறிகளையும் பின்னங்களையும் ஆய்வாளர்கள் தொகுத்துத் தர வேண்டும். ஆசிரியர்கள் பிள்ளைகளை ஆயிரங்கால் மண்டபத்துக்கு அழைத்துச் சென்று உத்தேச மதிப்பைக் கற்பிக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் வழிகாட்டும் கட்டுரைகள் இங்கே வாசிக்கப்படும் என்ற நம்பிக்கையோடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.