கோட்டை மாறியது, சொல் தங்கியது: ஆங்கிலத்துள் தமிழகச் சொற்கள்

ஆங்கிலத்துள் புகுந்த தமிழகச் சொற்களைப் பற்றிய இக்கருத்தரங்கு சிங்கவரத்தில் கூடுவது பொருத்தமானதே. அருகிலுள்ள செஞ்சி, 1649இல் பிஜப்பூர்ப் படையிடம் வீழ்ந்தது முதல் 1761இல் ஆங்கிலக் கும்பினியார் வசமானது வரை, மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர் என ஆள்வோர் மாறியபோதெல்லாம் பெயரும் மாறக் கண்ட ஊராகும். பிஜப்பூரார் சூட்டிய பாதுஷாபாத்தும் மொகலாயர் சூட்டிய நுஸ்ரத்கட்டும் ஆணையோடு வந்து ஆணையோடே மறைந்துபோக, எந்த ஆணையும் சூட்டாத ‘ஜிஞ்சி’ என்னும் ஒலித்திரிபு ஆங்கில ஏடுகளில் நிலைத்துவிட்டது.

சொற்கள் கைமாறிய சூழலுக்கும் செஞ்சியே நல்ல சான்று தருகிறது. மராட்டிய அரசர் இராஜாராம் இக்கோட்டையில் தங்கியிருந்த 1690ஆம் ஆண்டில், சென்னை ஆளுநர் எலிகு யேல், தேவனாம்பட்டினத்துக் கோட்டையை அவரிடமிருந்து கும்பினிக்காக விலைக்கு வாங்கினார். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் தொலைவுக்கு உட்பட்ட ஊர்களும் விற்பனையில் அடங்கியமையால், அவ்வூர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. நிலம் ஆங்கிலேயருக்குப் போக, அதன் பெயர் மட்டும் தமிழில் நின்றது என்பதும் கருதத்தக்கது. இத்தகைய பேரங்களை நடத்தியவர் துபாஷ், அதாவது இருமொழி அறிந்த இடைத்தரகர். புதுவைத் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பு, அயற்சொற்கள் தமிழ்க் கணக்கிலும் பேச்சிலும் எவ்வாறு கலந்தன என்பதை நாள்தோறும் காட்டும் ஆவணம். 1750இல் பிரெஞ்சுப் படை செஞ்சியைப் பிடித்ததும் அவர் காலத்து நிகழ்ச்சியே.

ஆங்கிலத்துள் சென்றவை பெரும்பாலும் கப்பல், சந்தை, சமையல், படை, வரி ஆகியவற்றின் சொற்கள். கட்டுமரம், சுருட்டு, கறி, மிளகுத் தண்ணீர், பாளையக்காரர் என்பவை நன்கறிந்தவை. இவற்றுள் விரித்துரைக்க வேண்டியது அணைக்கட்டு. ஆர்தர் காட்டன் கல்லணையின் அடித்தள நுட்பத்தைக் கற்றே 1836இல் கொள்ளிடத்தில் மேலணையைக் கட்டினார். அந்நுட்பம் கோதாவரிக்குச் சென்றபோது ‘அனிகட்’ என்னும் சொல்லும் உடன் சென்று, தவளேஸ்வரத்தில் தெலுங்கு நாட்டு அணைக்கும் பெயராயிற்று. சொல்லைக் கடன் வாங்கியவர்கள் தொழிலையும் கடன் வாங்கினர் என்பதைப் பொறியியல் வரலாற்று நூல்கள் போதிய அளவு அழுத்திச் சொல்வதில்லை.

இச்சொற்களைத் திரட்டிய பெருநூல், ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி. தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னல், நூல் வெளிவருமுன்பே, 1882இல் மறைந்தார். முகரம் ஊர்வலத்தில் எழும் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்னும் துயரக் குரலை ஆங்கிலச் சிப்பாய்கள் சிதைத்து ஒலித்ததே நூலின் பெயர். பிறர் துயரைச் சிதைத்த சொல்லை ஓர் அகராதி பெருமிதத்தோடு தலைப்பாக்கியது அக்கால ஆள்வோர் மனநிலைக்குத் தக்க சான்று. ஆயினும் அதன் உழைப்பை மறுப்பதற்கில்லை.

ஒலியொப்புமையை மட்டும் நம்பும் ஆர்வத்துக்கு இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று சென்னைக் கும்பினி கணக்கு எழுதிய நாளில் ஆங்கிலத்தில் வழங்கிய ‘கேஷ்’ என்னும் நாணயப் பெயர், போர்ச்சுகீசியர் வாய்வழியே சென்ற காசுதான். ஆனால் கைப்பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ பெட்டியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்த வேறு சொல். அதுபோலவே, நல்லெண்ணெயைக் குறிக்கும் ‘ஜிஞ்சிலி’ செஞ்சியிலிருந்து வந்ததன்று. எள்ளைக் குறிக்கும் ஜுல்ஜுலான் என்னும் அரபுச் சொல்லோடு உறவுடையது.

மிகக் கசப்பான வழக்கு ‘பரையா’. பறை என்னும் கருவியோடு தொடர்புடைய ஒரு மக்கட்பெயர், ஆங்கிலத்தில் ஒதுக்கப்பட்ட எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாகி, இன்று நாடுகளுக்கும் கூசாமல் சூட்டப்படுகிறது. சாதி செய்த இழிவை ஆங்கிலம் உலகெங்கும் சுமந்து சென்றது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டு அந்த இழிவை எதிர்கொண்டார். சொல்லின் வரலாற்றை எழுதுவோர் ஆங்கில மேற்கோள்களை அடுக்கிவிட்டு அவ்விதழை விட்டுவிடுவது ஆய்வுக் குறையாகும்.

இதுவரை இத்துறை பெரிதும் ஆங்கில ஆவணங்களையே சான்றாகக் கொண்டு நடந்துள்ளது. கல்வெட்டு, செப்பேடு, ஓலைக் கணக்கு, துபாஷ்களின் ஏடு ஆகியவற்றில் இச்சொற்கள் புறப்பட்ட நிலையைத் தேடித் தொகுக்கும் பணியை, இங்குக் கட்டுரை படிக்க வந்துள்ள இளம் ஆய்வாளர்கள் இவ்வமர்விலேயே பகிர்ந்து ஏற்க வேண்டும்.