ஆணி மெல்லும் சிறுவனும் லயத்துப் பேய்களும்



பதுளையில் கருத்தரங்கு கூட்டி ஜப்பானியத் திகில் சித்திரக்கதைகளை ஆராய்வதால் என்ன பயன் என்று சிலர் கேட்டார்கள். நம் பிள்ளைகள் அவற்றைக் கைபேசியில் விடிய விடியப் படிக்கிறார்கள். அதே வீட்டில் இருக்கும் பாட்டியிடம் தோட்டத்துச் சாமியான ரோதமுனியைப் பற்றிக் கேட்பதில்லை. இந்த இரண்டு உலகங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஊரை நான் அறியேன்.

அந்தச் சித்திரக்கதைகளை வரைபவர்களில் ஒருவரான ஜுன்ஜி இட்டோ 1963இல் ஜப்பானின் கிஃபு மாநிலத்தில் பிறந்தவர். செயற்கைப் பல் செய்யும் தொழிலில் இருந்துகொண்டே வரையத் தொடங்கினார். 1987இல் 'டோமியே' என்ற கதையோடு அறிமுகமானார். அவர் படைத்த சிறுவன்தான் சோயிச்சி. எந்நேரமும் வாயில் இரும்பு ஆணிகளை வைத்து மெல்லுவான். அண்ணன், அக்கா, வகுப்புத் தோழர், ஆசிரியர் என்று யாரையும் விடாமல் செய்வினை வைப்பான். ஆனால் வீட்டில் ஒருவரும் அவனைப் பெரிதாக மதிப்பதில்லை. வைத்த வினை பாதி நேரம் அவன் தலையிலேயே வந்து விழும். இரத்தமும் பிணமும் வரைய எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தன்னை யாரும் பொருட்படுத்தவில்லை என்ற ஒரு பிள்ளையின் ஆத்திரம் மந்திரமாக மாறுவதை இவ்வளவு நுட்பமாக வரைந்தவர் இட்டோ. அவருடைய மற்றப் புகழ்பெற்ற படைப்புகளைவிட இந்தக் குறும்புக்காரன் கதைகளே மனித மனத்துக்கு நெருக்கமானவை என்பது என் துணிபு.

சோயிச்சி மெல்லும் அந்த ஆணிக்கு ஜப்பானில் ஒரு பழைய வேர் உண்டு. நள்ளிரவு கடந்து, ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் கோயிலுக்குப் போய், வைக்கோல் பொம்மையைப் புனித மரத்தில் வைத்து ஆணி அடித்தால் பகைவன் வீழ்வான் என்பது அங்குள்ள நம்பிக்கை. நம் முன்னோர் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் இந்தத் தேயிலை மலைகளுக்கு வந்தவர்கள். அந்தத் தமிழ் மண்ணிலும் ஆணி உண்டு, மரமும் உண்டு. பேய் பிடித்தவரின் உச்சிமயிரைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்துப் பேயை அங்கேயே கட்டிப்போடுவார்கள். அங்கே ஆணி வினையை ஏவுகிறது. இங்கே வந்த வினையை நிறுத்துகிறது. ஏன் இப்படி என்ற கேள்வியை இன்று கட்டுரை படிக்கவிருப்பவர்கள் முன் வைக்கிறேன்.

ஒரு விடையை நானே முன்மொழிகிறேன். ஒரு கதையில் சோயிச்சியின் தொல்லை தாங்காமல் அவன் அண்ணன் படிப்பதற்காக அடுக்கடுக்காகச் சுவர் வைத்த அறை கட்டுகிறார்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடான லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் அப்படியொரு சுவருக்கு இடமேது? பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். ஒரு பெண்ணுக்குத் தண்ணீர்ப் பீலிக்கரையில் முனி அடித்தால் லயமே திரண்டு வரும். பேயோட்டும் கோடாங்கி உடுக்கடிக்க, எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். சோயிச்சி கதைகளின் பயம் தனியறையில் வளர்ந்தது. நம்முடையது வாசலில், ஊர் கூடி ஆற்றிய பயம். ஆணியின் வேலை இரண்டு இடத்திலும் மாறுவது அதனால்தான். தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்தில் குடியிருக்கும் ரோதமுனியை நினைத்துப் பாருங்கள். சுழலும் இயந்திரத்தருகே கையும் காலும் எந்நேரமும் ஆபத்தில் இருந்த மக்கள், அந்தச் சக்கரத்துக்கே ஆடு வெட்டிப் படையல் போட்டார்கள். தோட்டத் துரையிடம் சொல்ல முடியாத அச்சத்தை முனியிடம் சொன்னார்கள்.

இங்கே மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகரவை நினைவுகூர வேண்டும். சூனியம் பற்றி 1975இல் வெளியான அவருடைய ஆய்வு, சீனிகம, முன்னேஸ்வரம் போன்ற தலங்களுக்குப் பகைவனைச் சபிக்கப் போகிறவர்களை ஆராய்ந்தது. மனத்தில் தேங்கிய வன்மத்துக்கு அந்தத் தலங்கள் ஒரு வடிகாலாகின்றன என்று அவர் காட்டினார். நீதி கிடைக்காத இடத்தில் சாபம் பிறக்கிறது என்று நான் அதை வாசிக்கிறேன். வீட்டில் மதிப்பில்லாத சோயிச்சிக்கும், வேலை வாங்கும் கங்காணியின் ஏச்சுக்கு வாய் திறக்க முடியாமல் மண்ணை வாரித் தூற்றிய நம் கிழவிக்கும் இடையில் உள்ள உறவு இதுதான். மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் இவற்றைத் தள்ளிவிடுவது அந்த மக்களின் வலியையும் சேர்த்துத் தள்ளுவதாகும். செய்வினை கழிக்கிறேன் என்று ஏழைகளிடம் காசு பறிப்போரை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன். அது வேறு, கதை வேறு.

அந்தக் கதைகள் அழியக்கூடியவை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் புதைந்தன. மாண்டவர்களின் உயிர்களோடு, அவர்கள் மட்டுமே அறிந்திருந்த கதைகளும் போயின. மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை நம் பாடல்களைத் தேடித் தொகுத்த அக்கறை பேய்க்கதைகளுக்கும் வேண்டும்.

மாணவர்களே, இந்த விடுமுறையில் பசறைக்கோ லுணுகலைக்கோ ஹாலிஎலைக்கோ ஹப்புத்தளைக்கோ வீடு திரும்பும்போது கைபேசியின் ஒலிப்பதிவைத் திறந்து பாட்டியின் முன் வையுங்கள். சொன்னவர் பெயர், தோட்டம், டிவிஷன், தேதி எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வரையத் தெரிந்தவர்கள் ரோதமுனியை வரையுங்கள். அடுத்த கருத்தரங்கில் இட்டோவின் பக்கங்களோடு உங்கள் பக்கங்களும் இந்த மேசைக்கு வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.